அதிக தூரம் ஓடிய பாவித்த ஸ்போர்ட்ஸ் பைக்கை முதல் வண்டியாக வாங்கலாமா?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

வணக்கம். மோட்டார் சைக்கிளுக்கான ஏ வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் அண்மையில்தான் என் கைக்கு வந்தது. பயிற்சிப் பாடசாலையின் சிறிய வண்டியில் எட்டுப் போட்டுப் பழகியதைத் தவிர, வீதியில் தனியாக ஓடிய அனுபவம் எனக்கு இல்லை. வீடு வெள்ளவத்தையில், வேலை கோட்டையில்.

முழுவதும் மூடிய, முன்னால் சாய்ந்து அமர்ந்து ஓடும் ஸ்போர்ட்ஸ் பைக்கின் மீது எனக்குப் பாடசாலைக் காலம் முதலே தீராத விருப்பம். புதிதாக வாங்குவதற்குச் சம்பளம் இடங்கொடுக்காது. விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு வந்ததில் இரண்டு வண்டிகள் மனதில் நிற்கின்றன. ஒன்று 2011ஆம் ஆண்டு பதிவான கவசாக்கி நிஞ்சா 250ஆர். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பழைய வகைக் கார்புரேட்டர் கொண்ட வண்டி, மீட்டர் 71,000 கிலோமீற்றர் காட்டுகிறது, இப்போது வைத்திருப்பவர் மூன்றாவது உரிமையாளர், வண்டி நுகேகொடையில் நிற்கிறது. மற்றையது 38,000 கிலோமீற்றர் ஓடிய யமஹா ஆர்15 இரண்டாம் பதிப்பு. நிஞ்சாவின் விலை சற்று அதிகமாயினும், மீட்டரைப் பார்த்துப் பலர் பின்வாங்கியதால் எனக்கு எட்டும் அளவுக்கு இறங்கியிருக்கிறது.

71,000 என்பது ஒரு வண்டியின் ஆயுள் முடிந்துவிட்டதற்கான அடையாளமா? அப்படியில்லை என்றாலும், அனுபவமில்லாத ஒருவர் இப்படியான வண்டியில் தொடங்குவது சரியா? வீட்டில் அம்மாவுக்கு இதில் அறவே உடன்பாடில்லை. ஆகவே எந்த முடிவை எடுத்தாலும் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக் கராஜ் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன், ஏனெனில் அது என் தொழில்.

2011 முதல் கணக்கிட்டால் 71,000 கிலோமீற்றர் என்பது ஆண்டுக்குச் சுமார் ஐயாயிரம்தான். கம்பஹாவிலிருந்து தினமும் கொழும்புக்கு வேலைக்கு வருபவர் அந்த ஐயாயிரத்தை ஆறு மாதத்துக்குள் தாண்டிவிடுவார். நீரால் குளிரூட்டப்படும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், நேரத்துக்கு ஒயில் மாற்றப்பட்டிருந்தால், இந்தத் தூரத்தைச் சாதாரணமாகத் தாங்கும். நேரத்துக்கு மாற்றப்படாவிட்டால் இருபதாயிரத்திலேயே கெட்டுப்போகும். ஆகவே மீட்டரில் உள்ள எண்ணைவிட, அந்த எண்ணுக்குள் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதையே கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய முதல் வேலை வால்வு இடைவெளி, அதாவது எஞ்சினின் வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய சிறு இடைவெளி. இந்த வண்டிக்கு 12,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்பது உற்பத்தியாளரின் அட்டவணை. அப்படியானால் இதுவரை ஐந்து தடவை அந்த வேலை நடந்திருக்க வேண்டும். 2008க்குப் பிறகு வந்த நிஞ்சாவில் இடைவெளியைச் சரிசெய்வதற்கு ஷிம் எனும் சிறிய உலோகத் தட்டை மாற்ற வேண்டும். திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யும் வேலை அல்ல இது. பக்கப் பிளாஸ்டிக் கழற்றி, டாங்கி கழற்றி, கவர் திறந்து, அளந்து, தேவையான தடிப்பில் ஷிம் தேடிப் போட்டு மூட வேண்டியிருப்பதால், பல உரிமையாளர்கள் இதை ஒருமுறைகூடச் செய்விப்பதில்லை. அப்படிச் செய்யாமல் விட்ட எஞ்சின் கேட்பதற்கு நன்றாகவே இருக்கும், ஏனெனில் ஓட ஓட வால்வு தன் இருக்கையில் உள்ளிறங்கி இடைவெளி குறைகிறது, இடைவெளி குறையக் குறையச் சத்தமும் குறைகிறது, கடைசியில் வால்வு முழுமையாக மூடாமல் சூட்டில் கருகத் தொடங்குகிறது. ‘எஞ்சின் பஞ்சு மாதிரி’ என்று விற்பவர் சொல்வதை இதனால்தான் நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. மெல்லிய டிக் டிக் சத்தம் வரும் எஞ்சினைவிடச் சத்தமே வராத, ஆனால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் எஞ்சினே எனக்குக் கவலை.

இரண்டாவது, வண்டி எவ்வளவு காலம் ஓடாமல் நின்றது என்பது. 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை வந்த காலத்தை எவரும் மறந்திருக்க மாட்டோம். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்ற நிலையில், வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கும் இருந்தவர்கள் எதை ஓட்டினார்கள், எதை மூடி வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மாதங்களில் பழைய பெற்றோல் கார்புரேட்டருக்குள் பிசினாகிச் பெற்றோல் வரும் சிறிய ஜெட் துளைகளை அடைத்ததையும், அரை வெறுமையான இரும்பு டாங்கியின் உட்புறம் துருப்பிடித்ததையும் இன்றுவரை கழுவிக்கொண்டிருக்கிறோம். டாங்கியின் மூடியைத் திறந்து, கைபேசியின் விளக்கை அடித்து உள்ளே பாருங்கள். ஓரங்களில் செம்மண் நிறம் தெரிந்தால் விலையை மறுபடியும் பேச வேண்டும்.

தெஹிவளை நானா எழுதியது:

கராஜ் நண்பர் சொன்னவை எல்லாம் சரி. ஆனால் தம்பியின் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, அதற்கு என் பதில் வேண்டாம் என்பதே.

காலி வீதியில் காலை எட்டு மணிக்கு ஓடுவதை நினைத்துப் பாருங்கள். பஸ் இடப்பக்கம் ஒதுங்குவதுபோல் ஒதுங்கித் திடீரென்று வலப்பக்கம் வெட்டும். ஆளைக் கண்ட முச்சக்கர வண்டி சமிக்ஞை போடாமல் நிற்கும். இரண்டு கார்களுக்கிடையில் ஒருவர் குடையுடன் வீதியைக் கடப்பார். இவற்றைச் சமாளிப்பதற்கு நிமிர்ந்து அமர்ந்து, தூரத்தைப் பார்த்து, ஹேண்டிலைத் தாராளமாக இரு பக்கமும் திருப்பக்கூடிய வண்டி வேண்டும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில் குறைவாகவே திரும்பும். உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். எஞ்சினின் சூடு தொடையில் அடிக்கும். ஏற்கெனவே கிளட்சோடும் கியரோடும் போராடும் ஒருவருக்கு இவை அனைத்தும் மேலதிகச் சுமை.

1981இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கையை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தொள்ளாயிரம் மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து எழுதப்பட்டது அது. விபத்துக்குள்ளானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், தாம் ஓடிய அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லாதவர்கள். மோதலுக்கு முன்னரான வேகத்தின் இடைநிலை மணிக்கு 48 கிலோமீற்றர் அளவே. அதாவது பெரும்பாலானவை அதிவேகத்தால் வந்தவை அல்ல; நம் காலி வீதியில் ஓடும் அதே வேகத்தில் வந்தவை. ஆபத்து நேரத்தில் பலர் பின் பிரேக்கை மிதித்துச் சில்லைப் பூட்டிவிட்டு, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை என்பதையும் அந்த அறிக்கை எழுதுகிறது. பழைய ஆய்வுதான், ஆனால் மனிதனின் கையும் காலும் மாறவில்லை.

மேலும், இந்த வண்டியின் மேல் வேகத்தை எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள்? நம் நாட்டில் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஓராண்டுக்கு ஒரு சாதாரண 150 சீசீ வண்டியை வாங்கி ஓடுங்கள். கீழே விழுந்தாலும் ஒரு லீவரும் ஒரு சமிக்ஞை விளக்கும்தான் போகும். ஸ்போர்ட்ஸ் பைக் நின்ற நிலையில் சரிந்தாலே பக்கப் பிளாஸ்டிக் உடைந்துபோகக்கூடும்.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

நானா, உங்கள் கருத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு உங்களை மிகவும் பிடித்துவிட்டது. வேகத்துக்காக நான் இதை விரும்பவில்லை. வார நாட்களில் வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவிசாவளை, கித்துல்கல பக்கம் நிதானமாகப் போய் வருவதற்கும்தான் வண்டி தேவை. 250 சீசீ என்பது புதியவருக்கு உண்மையிலேயே அதிகமா என்பதை யாராவது விளக்க முடியுமா?

இருசில்லு எழுதியது:

நான் ராஜகிரியவில் வசிக்கும் பெண். பல ஆண்டுகளாகப் பைக் ஓடுகிறேன், நிஞ்சா 250ஆரும் வைத்திருந்திருக்கிறேன். நானா சொன்னவற்றில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

‘ஸ்போர்ட்ஸ் பைக்’ என்ற ஒரே பெயருக்குள் முற்றிலும் வேறுபட்ட வண்டிகள் அடங்கியிருப்பதுதான் இங்கே குழப்பத்துக்குக் காரணம். 600 சீசீ வகுப்பைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் வண்டி நூறு குதிரைத் திறனைத் தாண்டும். குழியொன்றில் விழும்போது கை தவறித் திரொட்டில் சற்றுத் திரும்பினாலே வண்டி பாய்ந்துவிடும். அதை முதல் வண்டியாக எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நிஞ்சா 250ஆரின் திறன் ஏறத்தாழ முப்பது குதிரைத் திறன், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 11,000 சுழற்சியை நெருங்கும்போதுதான் கிடைக்கும். நகரத்துக்குள் நீங்கள் ஓடும் நான்காயிரம், ஐயாயிரம் சுழற்சியில் அது ஒரு 150 சீசீ வண்டியைவிடச் சற்றே உற்சாகமானது, அவ்வளவுதான். பிழை விட்டால் பொறுத்துக்கொள்ளும் வண்டி அது. உலகின் பல நாடுகளில் புதியவர்கள் அதில்தான் தொடங்கினார்கள். ஹேண்டிலும் உண்மையான பந்தய வண்டிகளைப்போல் தாழ்ந்ததல்ல. நிஞ்சாவில் ஏறத்தாழ நிமிர்ந்தே அமரலாம். ஆர்15இன் இரண்டாம் பதிப்புத்தான் இருக்கையை உயர்த்தி, உடலை இன்னும் முன்னால் சாய்க்கிறது. தினமும் கோட்டைக்குப் போய் வந்தால் மணிக்கட்டு வலிக்கப்போவது நிஞ்சாவில் அல்ல, ஆர்15இல்.

ஆனால் பாரத்தை யோசியுங்கள். நிஞ்சா பெற்றோலோடு 170 கிலோ அளவு வரும். ஆர்15 அதைவிட முப்பது கிலோவுக்கு மேல் இலேசு. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. வெள்ளவத்தையின் குறுக்கு ஒழுங்கைகளில் வண்டியை உருட்டித் திருப்பும்போதும், மேட்டில் ஒற்றைக் காலில் தாங்கி நிற்கும்போதும்தான் தெரியும். வாங்குவதற்கு முன்னர் எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியை ஒருமுறை பின்னால் உருட்டிப் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இரண்டு வண்டியிலும் இல்லை. மழை தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் காலி வீதியின் வெள்ளைக் கோடுகளும், பஸ் தரிப்பிடங்களில் சிந்திய டீசலும் எப்படியிருக்கும் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் உங்கள் விரல்கள்தான் ஏபிஎஸ். முன் பிரேக்கைச் சடக்கென்று இழுக்காமல், முதலில் மெதுவாக அழுத்தி, முன் சொக் (அதிர்வு தாங்கி) அமுங்கிப் பாரம் முன் டயருக்கு வந்த பிறகு பலமாகப் பிடிக்கப் பழக வேண்டும். ஒரு ஞாயிறு காலையில் வெறுமையான வாகனத் தரிப்பிடத்தில், மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிறுத்திப் பழகுங்கள். நானா குறிப்பிட்ட அறிக்கையில் இருக்கும் குறைபாடு இந்தப் பயிற்சியால் தீரக்கூடியது.

நாரஹேன்பிட்ட நடை எழுதியது:

எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பத்திரங்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் எஞ்சின் கெட்டால் பணம் கொடுத்துத் திருத்தலாம். பத்திரம் கெட்டால் சில வேளை திருத்தவே முடியாது.

பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கேளுங்கள், நிழற்பிரதியை நம்ப வேண்டாம். அதிலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் செஸி இலக்கத்தையும் வண்டியில் பொறிக்கப்பட்டுள்ள இலக்கங்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். நிஞ்சாவில் செஸி இலக்கம் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் இருக்கும். அங்கே உராய்ந்த தடமோ, புதிய வண்ணப்பூச்சோ, எழுத்துகளின் ஆழத்தில் வேறுபாடோ தெரிந்தால் மேலே பேசாமல் திரும்பிவிடுங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது அரிதல்ல. மாற்றுவது குற்றமல்ல, மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விற்பதுதான் உங்கள் தலையில் விழும்.

பிறகு, பதிவு செய்யப்பட்ட உரிமையாளரின் பெயருக்குப் புறம்பாக, பூரண உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தவணை கட்டி முடித்துவிட்டேன் என்பார்கள். முடித்திருக்கவும் கூடும். ஆனால் நிறுவனம் தன் உரிமையை விட்டுக்கொடுத்த பத்திரம் கையில் இல்லாவிட்டால், வண்டி உங்கள் பெயருக்கு மாறாது.

மூன்றாவது, மூன்று உரிமையாளர்கள் என்கிறீர்கள். சான்றிதழில் இருப்பது யாருடைய பெயர்? நம் ஊரில் ஓபன் பேப்பரில் விற்பது வழமையாகிவிட்டது. முதல் உரிமையாளர் கையொப்பமிட்ட பெயர் மாற்றப் படிவங்கள் கைமாறிக்கொண்டே வரும். நடுவில் வைத்திருந்தவர்களின் பெயர் எங்கும் இராது. அந்த முதல் உரிமையாளர் வெளிநாட்டுக்குப் போயிருந்தாலோ, கையொப்பம் பொருந்தாமல் போனாலோ, நாரஹேன்பிட்டவிலும் வெரஹெரவிலும் உள்ள திணைக்கள அலுவலகங்களுக்கு இடையில் நீங்கள்தான் அலைய வேண்டும். சான்றிதழில் பெயருள்ளவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். முடிந்தால் அவரையே நேரில் சந்தித்து, அவர் முன்னிலையில் பணத்தைக் கொடுங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் நிலுவையில்லாமல் இருப்பது நல்ல அறிகுறி: புகைப் பரிசோதனை இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பதால், ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டிருந்தால் வண்டி கைவிடப்பட்டுக் கிடக்கவில்லை என்று ஓரளவுக்காவது கொள்ளலாம். பழைய பரிசோதனைத் தாள்களில் அன்றைய மீட்டர் அளவு குறிக்கப்பட்டிருந்தால், மீட்டர் பின்னால் திருப்பப்பட்டதா என்பதையும் அதிலிருந்தே பிடிக்கலாம்.

காப்புறுதி விடயத்தில் ஒன்று மட்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம், மலிவும்கூட. ஆனால் பிளாஸ்டிக் பாகங்களே பெருஞ்செலவு வைக்கும் வண்டிக்கு அது ஒன்றும் தராது. முழுமையான காப்புறுதி கொடுப்பார்களா, என்ன பெறுமதிக்குக் கொடுப்பார்கள் என்பதை வண்டியை வாங்கிய பிறகல்ல, வாங்கும் முன்னரே விசாரியுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கராஜ் எழுதியது:

தம்பி வண்டியைப் பார்க்கப் போவதாகத் தனிச் செய்தியில் எழுதியிருந்தார். அங்கே என்ன பார்ப்பது என்பதைப் பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே விற்பவரிடம் சொல்லுங்கள். போனதும் முதல் வேலை எஞ்சினின் பக்கத்தில் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் அவர் உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறார். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். குளிர்ந்த எஞ்சின், ஸ்டார்ட் ஆக உதவும் சோக் விசையை இழுத்ததும் இரண்டு, மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். பிடித்தவுடன் வரும் புகையைப் பாருங்கள். வெள்ளையாகச் சற்று வந்து மறைந்தால் அது ஈரம். நீல நிறமாக நீடித்தால் ஒயில் எரிகிறது.

விபத்துக்குள்ளான வண்டியா என்பதை வண்ணப்பூச்சில் தேடாதீர்கள். புதிய பிளாஸ்டிக் எவரும் போடலாம். ஹேண்டிலைக் கடைசி வரை இடமும் வலமும் திருப்புங்கள். செஸியில் ஹேண்டில் முட்டி நிற்கும் சிறிய இரும்பு முனை ஒன்று இருக்கும். பலமாக மோதிய வண்டியில் அந்த முனை நசுங்கியோ, வளைந்தோ, வெடித்தோ இருக்கும், அதை எவரும் மாற்றுவதில்லை. அடுத்து, இன்னொருவரைப் பின்னால் அமர்த்தி முன் சில்லைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒற்றை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேர் நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் சிக்கினால் கழுத்துப் பெயரிங் தேய்ந்துவிட்டது; நம் வீதிகளின் குழிகளில் எழுபதாயிரம் ஓடிய வண்டியில் இது பெரும்பாலும் இருக்கும்.

பின் ஸ்ப்ரொக்கெட்டின் கடைசிப் பல்லில் உட்கார்ந்திருக்கும் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரியும் அளவுக்கு வந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ரொக்கெட்டும் சேர்த்து மாற்ற வேண்டும். பிரேக் டிஸ்க்கில் ஆகக் குறைந்த தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்று பொறிக்கப்பட்டிருக்கும்; அளக்கக் கருவி இல்லாவிட்டால் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள், தெளிவான படி தட்டுப்பட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள். பற்றரியின் மின்னழுத்தத்தை எஞ்சினைச் சற்று உயர்த்திய நிலையில் அளந்தால் 14 வோல்ட் அளவு காட்ட வேண்டும். பன்னிரண்டிலேயே நின்றால் பற்றரிக்கு மின்சாரத்தைச் சீராக்கி அனுப்பும் ரெக்டிஃபயர் போயிருக்கலாம்.

டயரைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம். தடம் ஆழமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும்; உலர்ந்த வீதியில் ஒன்றும் தெரியாது, மழையில் வளைவொன்றில்தான் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளவத்தையில் கடற்கரை ஒழுங்கையில் நிறுத்துவீர்களானால் உப்புக் காற்றையும் நினைவில் வையுங்கள். மரைன் டிரைவ் பக்கம் திறந்த இடத்தில் நிற்கும் வண்டிகளின் திருகாணி, சைலன்சர், முன் சொக் குழாய் எல்லாம் கடலிலிருந்து தள்ளி நிற்கும் வண்டிகளைவிட விரைவாகத் துருப்பிடிக்கின்றன. குழாயில் ஓர் ஊசிமுனை அளவு துருப்புள்ளி வந்தாலே அது சீலைக் கிழித்து ஒயிலைக் கசியவிடும்.

மருதானை மாலை எழுதியது:

உதிரிப்பாகம் பற்றி எவரும் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பல ஆண்டுகளாக நாட்டுக்குள் இருந்த வண்டிகளையே சுற்றிச் சுற்றி விற்றோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்த பின்னரும் வரிச் சுமையால் பழைய வண்டிகளின் விலை எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. பஞ்சிகாவத்தையில் நிஞ்சாவின் செயின், பிரேக் பட்டை, ஒயில் ஃபில்டர் தேடி எடுத்துவிடலாம். பக்கப் பிளாஸ்டிக், ஹெட்லைட், எஞ்சின் கவர் போன்றவை உடைந்த இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியதாகத்தான் கிடைக்கும். ஆர்15க்கு உதிரிப்பாகம் எளிது, இந்தியாவிலிருந்து வருகிறது. ஆனால் அதன் சிலிண்டர், உள்ளே இரும்பு லைனர் இல்லாத டயாசில் வகை அலுமினியம். தேய்ந்தால் பழைய முறையில் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போட முடியாது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். எந்த வண்டியை எடுத்தாலும் விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்திருங்கள்.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

கராஜ் அண்ணாவின் பட்டறையில் வேலை செய்பவர் ஒருவருடன் போய் நிஞ்சாவைப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் நாள் போனபோது எஞ்சின் சூடாக இருந்தது. சொன்னபடியே திரும்பி வந்துவிட்டு, மறுநாள் காலை போனோம். அன்று குளிர்ந்திருந்தது. சோக்கை இழுத்ததும் நான்காவது சுற்றில் பிடித்தது, சற்றுத் தடுமாறி, பிறகு சீரானது. நீலப் புகை இல்லை. ஹேண்டில் முட்டும் முனை இரு பக்கமும் முழுமையாக இருந்தது. இடப்பக்க ஹேண்டில் நுனி மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. நின்ற நிலையில் சரிந்தது என்று உரிமையாளர் மறைக்காமல் சொன்னார்.

முன் இடப்பக்கச் சொக் சீலுக்குக் கீழே ஒயில் படிந்து தூசியோடு கறுப்பு வளையமாக இருந்தது. குளிர்நீர்த் தொட்டியின் நீர் பச்சையாக இல்லாமல் தேநீர் நிறத்தில் இருந்தது. முன் டயரில் தடம் நன்றாகவே இருந்தது, ஆனால் இலக்கம் 4115. கழுத்துப் பெயரிங் நடுவில் இலேசாகச் சிக்கியது. ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. வால்வு வேலைக்கான சீட்டு ஒன்று மட்டும், 2018இல். அன்றைய மீட்டர் அளவு 46,000 என்று கையால் எழுதப்பட்டிருந்தது.

பத்திரத்தில்தான் நின்றுவிட்டது. சான்றிதழில் இருப்பது இரண்டாவது உரிமையாளரின் பெயர்; பூரண உரிமையாளர் இடத்தில் இன்னமும் லீசிங் நிறுவனம் இருக்கிறது. தவணை முடிந்துவிட்டது, கடிதம் எடுத்துத் தருகிறேன், முற்பணம் கொடுத்து வண்டியைக் கொண்டு போங்கள் என்றார். கடிதமும் இரண்டாவது உரிமையாளரும் வரும்வரை ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கோபிக்கவில்லை.

தெஹிவளை நானா எழுதியது:

பணம் கொடுக்காமல் வந்தது மிகச் சரி. வண்டி பற்றிய என் கருத்து மாறவில்லை, ஆனால் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் முகம் முழுவதும் மூடும் தலைக்கவசமும், கைக்கவசமும், கணுக்காலை மூடும் சப்பாத்தும் வண்டியின் விலைக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும், மிச்சப் பணத்தில் அல்ல. முதல் மூன்று மாதங்களுக்கு இரவிலும் மழையிலும் ஓட வேண்டாம், பின்னால் எவரையும் ஏற்றவும் வேண்டாம். வேலைக்குப் போகும் பாதையை முதலில் ஞாயிறு காலைகளில் ஓடிப் பழகுங்கள்.

இருசில்லு எழுதியது:

நானாவின் இந்த நிபந்தனைகளில் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. பிரேக் பயிற்சிக்கு ஆள் தேவையென்றால் சொல்லுங்கள் தம்பி, நான் வருகிறேன். அம்மாவையும் கூட்டி வாருங்கள், பக்கத்தில் நின்று பார்த்தால் அவருக்குப் பாதிப் பயம் தெளியும்.

கொட்டாஞ்சேனைக் கராஜ் எழுதியது:

என் ஆள் சொன்னதையும் நீங்கள் எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால் இது கைவிடத்தக்க வண்டி அல்ல. 46,000இல் வால்வு பார்த்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு 25,000 ஓடியிருக்கிறது. ஆகவே இரண்டு தடவை தவறிவிட்டது, நான்காவது சுற்றில் பிடித்ததற்கும் சற்றுத் தடுமாறியதற்கும் அது காரணமாக இருக்கலாம், கார்புரேட்டரும் காரணமாக இருக்கலாம். திறந்து அளக்காமல் சொல்ல மாட்டேன். பேரம் பேசும்போது டயர் இரண்டு, சொக் சீல், கழுத்துப் பெயரிங், குளிர்நீர், பிரேக் ஒயில், வால்வு வேலை என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசுங்கள். மொத்தமாக ‘பழைய வண்டிதானே’ என்று பேசினால் அவரும் மொத்தமாகவே மறுப்பார். ஒயில் சீட்டுகளைக் கோப்பில் வைத்திருப்பவர் கணக்குக் காட்டினால் கேட்பார்.

ஆர்15ஐயும் இதே மாதிரி ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடிதம் வர எப்படியும் நாட்கள் எடுக்கும். நிஞ்சாவே முடிவானால், 2015ஆம் ஆண்டு டயரில் நுகேகொடையிலிருந்து ஓடி வர வேண்டாம். சிறிய லொறியொன்றில் கட்டி ஏற்றி நேரே கொட்டாஞ்சேனைக்கு அனுப்புங்கள், டயர் மாற்றிய பிறகு சாவியைத் தருகிறேன்.